ஒரே மாதிரி முப்பத்திரண்டு கடிதங்கள்

12.7.2004, திங்கள்

நேற்று நான் நடத்தும் பிள்ளைகள் மன்றத்தின் கூட்டம், வழக்கம்போல் செராமிக் தொழிற்பேட்டையில், பாலகிருஷ்ணன் பீங்கானில் ஃபியூஸ் கேரியர் வார்க்கும் பட்டறையில். பையன்களும் பெண்களுமாக முப்பத்திரண்டு பேர். ஜனவரியில் தொடங்கியபோது அறுபது பேர். உலகம் நம் ஊர், ஊர் நம் வீடு என்று ஆறு மாதமாக நானே பேசிக்கொண்டிருந்தால் யார்தான் நிற்பார்கள்?

இனிப் பேச்சு இல்லை. கென்யாவில் ஒரு பள்ளி நம் பிள்ளைகளோடு கடிதம் எழுதிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறது. இது நிலைத்தால் மன்றம் நிலைக்கும். நிலைக்கும், எனக்குச் சந்தேகமில்லை.

19.7.2004

கடிதங்களைத் திருத்தி, சுத்தப் பிரதி எழுதவைத்து, இன்று தபாலில் சேர்த்தேன். ஒரு வாரம் போயிற்று. என்ன இங்கிலீஷ்! மங்கலம்பேட்டை ஹமீதா எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி: “எங்க அத்தா குவைத்துல ஒரே ரூம்ல எட்டு பேரோட இருக்கார். அதுல நேபாளி மாமா ஒருத்தர் வீட்டை நினைச்சு அழுவார். அத்தாதான் அவருக்குச் சோறு போடுவார்.” அத்தனையையும் சிவப்பு மையால் அடித்து, “என் தந்தை வெளிநாட்டில் பணியாற்றுகிறார்” என்று மாற்றிக் கொடுத்தேன். கௌரவமாக இருக்கிறது.

6.9.2004, திங்கள்

பதில் வந்தது. ஒரே ஒரு தாள். தலைமையாசிரியை எழுதுகிறார்: கடிதங்கள் அழகு. ஆனால் இவை முப்பத்திரண்டையும் ஒரே பிள்ளைதான் எழுதியதா என்று எங்கள் மாணவர்கள் கேட்கிறார்கள். யாருக்குப் பதில் போடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

ஒரு வகுப்பில் முப்பத்திரண்டு பேர் ஒரே விடை எழுதினா நான் என்ன சொல்லியிருப்பேன்? காப்பின்னுதானே? அப்ப எனக்கு எத்தனை மார்க்கு?

என் மனைவி மதலேனா சிரித்தாள். “ரிட்டயர்டு ஆனது ஸ்கூலுக்கு மட்டுந்தான் போலிருக்குது, கைக்கு இல்ல.” பாலகிருஷ்ணன் அதற்கு மேல். “அச்சுல ஊத்தி எடுத்த மாதிரி அனுப்பியிருக்கீங்க சார். அது எங்க ஃபியூஸுக்குத்தான் சார் நல்லது.”

12.9.2004, ஞாயிறு

பிள்ளைகளிடம் தாளைப் படித்துக் காட்டினேன். தப்பு என்னுடையது என்றேன். பின்வரிசையில் ஒருவன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டான். இன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஹமீதா கேட்டாள். “நாங்க மொதல்ல எழுதினது எங்க சார்?”

“வூட்ல பீரோவுல இருக்குது. ஆனா எல்லாத்திலயும் என் சிவப்பு மை.”

“இருக்கட்டும் சார். அதோடயே அனுப்பலாம். யாரு மாத்தினதுன்னு அவங்களுக்கும் தெரியட்டும்.”

பட்டறையே சிரித்தது. பையை எடுத்தவன் உட்கார்ந்தான். எனக்குக் காது சூடாகிவிட்டது. சரி, அப்படியே அனுப்பலாம் என்றேன்.

13.9.2004

அனுப்பிவிட்டேன். மேலே நான் எழுதிய ஒரு பக்கம்: “இந்தச் சிவப்புக் கோடுகள் போட்டவன் நான்தான். கோட்டுக்கு அடியில் இருப்பதைப் படியுங்கள்.” இரண்டு இடத்தில் அடித்தல். சுத்தப் பிரதி எடுக்கவில்லை.

20.10.2004

தபால் இல்லை. சைக்கிள் மணி கேட்டாலே மதலேனா என் முகத்தைப் பார்க்கிறாள்.

24.11.2004, புதன்

இருபத்தொன்பது கடிதங்கள்! ஒன்று போல் ஒன்று இல்லை. ஹமீதாவுக்கு எழுதிய பெண்ணின் அம்மா துபாயில் வீட்டு வேலை செய்கிறாராம். “என் அம்மாவோடு யார் சாப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. உன் அத்தாவின் நேபாளி மாமா இப்போதும் அழுகிறாரா?” என்று கேட்டிருக்கிறாள்.

நான் அடித்த வரி.

பதில் வராத மூன்று பேருக்கு என்ன சொல்வது? அடுத்த தபாலில் முதலில் அவர்கள் கடிதம்தான்.

9.8.2009, ஞாயிறு

ஐந்தாம் ஆண்டு மலருக்கு மன்றத்தின் வரலாற்றை எழுதி முடித்தேன். இன்று நான்கு ஊர்களில் கிளை, மூன்று நாடுகளில் பள்ளிகள். பாலகிருஷ்ணன் படித்துவிட்டு, “அந்தச் சிவப்பு மை கதைய வுட்டுடலாமே சார், பெரியவங்க எல்லாம் படிப்பாங்க” என்றார். மன்றம் பிறந்த தேதி அதுதானே என்றேன். அதுதான் முதல் பத்தி.

மாலையில் ஹமீதா வந்தாள். மங்கலம்பேட்டைக் கிளை இப்போது அவள் பொறுப்பு. புதுப் பிள்ளைகளின் நாற்பத்தொரு கடிதங்களை மேசையில் வைத்தாள். “படிச்சிப் பாருங்க சார்,” என்று சொல்லிவிட்டு, என் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவிக்கொண்டு போனாள்.

படித்தேன். மூன்றாவது கடிதத்திலேயே கை அரித்தது. எழுந்து போய் டீ குடித்தேன். வந்து மீதியையும் படித்து, உறைகளை ஒட்டினேன்.