பாயின் கணுக்காலும் ஒரு கேள்வியும்

எல்லாம் நான் அன்றைக்கே சொன்னதுதான், பாய். நேற்று முழங்கால் ஆபரேஷனுக்கு என்னைப் படுக்கவைத்து, தொடையில் ஜில்லென்று பசையைத் தடவினார்கள். கர்ப்பிணிகளின் வயிற்றில் வைத்துப் பார்க்கும் அதே ஸ்கேன். திரையில் என் நரம்பு வெள்ளையாகத் தெரிந்தது. ஊசி நேராகப் போய் அதன் பக்கத்தில் நின்றது. “இந்த வித்தையை எண்பதுகளிலேயே கண்டுபிடிச்சவன் நான்மா” என்றேன். டாக்டர், நம் தமிழ்ப் பெண், சிரித்தாள்.

அப்போதுதானே சிராங்கூன் ரோட்டுத் துணிக்கடையில், மேல்தட்டுச் சேலையை எடுக்கப் போய் இருபதடி ஏணியிலிருந்து விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டீர்கள்? உங்களுக்கோ இழுப்பு. முழு மயக்கம் கொடுத்தால் மூச்சுக்கு ஆபத்து என்று டாக்டருக்கே பயம். அதனால் காலை மட்டும் மரக்கவைக்கும் ஊசி. வண்டி தள்ளிவந்த அட்டெண்டன்ட் நான்.

அப்போது டாக்டர் முழங்காலுக்குப் பின்னால் விரலால் தடவி, குத்துமதிப்பாகத்தான் ஊசியை இறக்குவார். ஊசியில் லேசாகக் கரண்ட். நரம்பை நெருங்கினால் பாதம் துள்ளும். அதைப் பார்த்துச் சொல்வது என் வேலை. இரண்டு முறை குத்தியும் துள்ளவில்லை. இன்னொரு தடவைதான், இல்லாவிட்டால் தூங்கவைக்க வேண்டும் என்றார் டாக்டர்.

என் கையை நசுக்கினீர்கள். “அந்தோணி, தூங்குனா எந்திரிப்பேனா?”

“எந்திரிக்காம? கிறிஸ்மஸுக்கு என் பொண்டாட்டிக்கு யாரு சேலை காட்டுவா?”

“அவ கேட்ட சேலைய எடுக்கப் போய்த்தானே விழுந்தேன் லா!”

அப்போதுதான் நான் முழங்கினேன்: “வயித்துப் பிள்ளையவே பார்க்கிறீங்க டாக்டர், கால்ல ஒரு நரம்பு தெரியாதா?” அறையே அசந்து நின்றது. யார் கையிலிருந்தோ கத்தரி விழுந்தது. மூன்றாவது குத்தில் உங்கள் பாதம் மீன் மாதிரித் துள்ளியது. “துள்ளுது, துள்ளுது!” என்று கத்தினேன். எலும்பில் அவர்கள் திருகாணி முடுக்கும்போது நீங்கள் என் பெண்டாட்டிக்கு எந்த நிறம் எடுக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தீர்கள். அந்தக் காலோடு இன்னும் இருபது வருடம் கடையில் நின்றீர்கள்.

நேற்று இந்தக் கதையைக் கேட்டும் அந்த டாக்டர்ப் பெண் விடவில்லை. “நிஜமா நீங்களா கேட்டீங்க, அங்கிள்?”

கேட்டது நான் இல்லையே, பாய். வியர்த்துக் கிடந்த நீங்கள்தான். கத்தரியும் விழவில்லை, டாக்டர் லேசாகச் சிரித்ததோடு சரி. உங்களைக் கிண்டல் செய்து சமாளித்த எனக்கு, அதற்குமேல் நாக்கு எழவில்லை. அதை நான்தான் கேட்டதாக நாற்பது வருடமாக ஊரெல்லாம் சொல்லிவருகிறேன்.

“என் சிநேகிதர் கேட்டதும்மா” என்றேன்.

பேர் கேட்டாள். சொன்னேன், முழுப்பேரையும்.