பாதி அளவில் வந்த கிலுகிலுப்பை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், பின்னறையில் மரம் கடையும் லேத்தும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கும் குட்டியும் நலம்தானே. போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

கை நடுக்கம் வந்ததிலிருந்து அப்பா லேத்தைப் போர்வையால் மூடிவிட்டு அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. குட்டிக்குத் தானே கிலுகிலுப்பை கடைந்து தருவதாக உன்னிடம் சொன்னது வேறு அவர் மனசை அரித்துக்கொண்டிருந்தது. அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. லேத்தில் உளியை நகர்த்தும் இரண்டு கைச்சக்கரங்களைச் சுற்றத்தானே நிதானமான கை வேண்டும், அதைக் கம்ப்யூட்டர் சுற்றட்டுமே என்று தோன்றியது. உன் அறையில் தூசி படிந்து கிடந்த கம்ப்யூட்டரை எடுத்தேன். ஜெராக்ஸ் கடைக்காரர் தூக்கிப் போட வைத்திருந்த மெஷினிலிருந்து இரண்டு மோட்டாரையும் பல் வைத்த பெல்ட்டையும் கழற்றிக்கொண்டேன். மோட்டாரை ஓட்டும் சின்ன போர்டு மட்டும்தான் காசு கொடுத்து வாங்கியது. மோட்டாரைத் தாங்க உன் கட்டிலின் இரும்புச் சட்டத்தை அறுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே, வரும்போது மாப்பிள்ளை தரையில் படுத்துக்கொள்ளட்டும். தையல் மெஷினைப் பிரித்துப் பூட்டுகிறவளுக்கு இதெல்லாம் என்ன பிரமாதம். சக்கரம் தானாகச் சுற்றியபோது நான் தனியாக நின்று கைதட்டினேன்.

பிடி இருபத்தெட்டு மில்லி தடிமன் இருக்கணும் என்று அப்பா வாசற்படியில் நின்றபடியே சொன்னார், உள்ளே வரவில்லை. நான் கம்ப்யூட்டரில் பதினான்கு என்று அடித்தேன். துணியை இரண்டாக மடித்தே வெட்டிப் பழகியவளுக்கு எந்த அளவும் பாதியாகத்தான் கைக்கு வரும். லேத்துக்கு மடிப்பாவது ஒன்றாவது, சொன்னபடி செய்தது. விரல் தடிமனில் ஒரு பிடி வந்து விழுந்தது. அப்பா உள்ளே வந்து அதை எடுத்துப் பார்த்தார். ஏண்டி, மரத்தையும் மடிச்சா வெட்டுவ என்று கேட்டுவிட்டுச் சிரித்தார் பார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எத்தனை நாளாயிற்று அவர் அப்படிச் சிரித்து, எனக்கும் அழுகை வந்துவிட்டது. தள்ளு, அளவை நான் போடறேன், நீ போய் சட்டை தை என்று என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்தவர்தான். ஒரு எண்ணை அழுத்தினால் நடுக்கத்தில் மூன்று விழுகிறது, பொறுமையாக அழித்து அழித்து அடிக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால், இரு, வேலையா இருக்கேன் என்கிறார். அந்த வார்த்தையைக் கேட்கவே நான் இரண்டு தரம் கூப்பிடுகிறேன்.

இரண்டு கிலுகிலுப்பையும் பார்சலில் வருகிறது, தடி அப்பாவுடையது, ஒல்லி என்னுடையது. சத்து மாத்திரையை மறக்காதே, மாடிப்படியில் மெதுவாக இறங்கு. சுகப்பிரசவமாகி நீயும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். அந்தப் பிஞ்சுக் கைக்கு ஒல்லிதான் அடங்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அப்பா கேட்டால், தடியைத்தான் முதலில் பிடித்தது, பிடுங்கினால் அழுகிறது என்று சொல்லிவிடு.

லேத் அறையிலிருந்து விரட்டப்பட்ட,
உன் அம்மா