நீங்கள் நிறுத்தி வைத்த படம்

இன்று காலை அப்பளம் பொரிக்கும்போது மகளின் மணிக்கட்டில் எண்ணெய் தெறித்துவிட்டது. மெடிக்கலில் வாங்கிய வெள்ளைக் களிம்பைத் திறந்ததும் தீக்காய வார்டின் அந்த வாசனை வந்தது. அவளுக்குத் தடவிவிட்டு, பின்வாசலில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, சிஸ்டர்.

எம்.புதுப்பட்டிப் பக்கம் அந்தப் பட்டாசு ஆலை வெடித்தபோது நான் பேக்கிங் ஷெட்டில் இருந்தேன். என் வீட்டுக்காரர் வெடிமருந்து கலக்கும் அறையில். முதுகும் இரண்டு கைகளும் வெந்து, தீக்காய வார்டில் நான் கண் விழித்தபோது முதலில் தெரிந்தது உங்கள் முகம். அவர் எங்கே என்று கேட்டேன். "ஆம்பளைங்க வார்டுல இருக்காக. பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றீர்கள்.

கட்டுப் பிரிக்கும் நேரம்தான் நரகம். துணியோடு தோலும் சேர்ந்து வரும். இரண்டாம் நாள் நான் அலறிய அலறலில் பக்கத்துக் கட்டில்காரி அழுதுவிட்டாள். மறுநாள் உங்கள் போனைத் தலையணை மேல் சாய்த்து வைத்து ஒரு படத்தைப் போட்டீர்கள். உங்கள் அப்பாவுக்குப் பிடித்த பழைய வெளிநாட்டுப் படம், தமிழில் குரல் கொடுத்தது. விண்கலம் ஒன்று உடைந்துவிடுகிறது. ஒரு முனையில் ஒரு பெண், மறுமுனையில் அவள் கணவன். நடுவில் வழி இல்லை. வெளிப்புறச் சுவரில் இருக்கும் கைப்பிடிகளை ஒவ்வொன்றாகப் பற்றி அவள் அவனிடம் போகிறாள். சுற்றிலும் ஒன்றுமில்லாத இருட்டு.

"கண்ண மூடாதீக. அவ அடுத்த பிடிய மட்டும் பாருங்க" என்பீர்கள். உங்கள் கை என் முதுகில் வேலை செய்துகொண்டிருக்கும். தினமும் அதே படம். அந்தப் பெண் எந்தப் பிடியில் வழுக்குவாள் என்பதுகூட எனக்கு மனப்பாடம். வானத்தையே நிமிர்ந்து பார்க்காத நான், ஒரு கட்டு, அடுத்த கட்டு என்று வலியைத் துண்டு துண்டாகக் கடக்க அவளிடம்தான் கற்றேன். ஆனால் அவள் மறுமுனைக் கதவைத் தொடும் இடத்தில் நீங்கள் எப்போதும் படத்தை நிறுத்திவிடுவீர்கள். பிறகு என்ன என்று கேட்டால், சார்ஜ் இல்லை என்பீர்கள். கட்டு முடிந்துவிட்டது என்பீர்கள்.

தொடையிலிருந்து தோல் எடுத்து முதுகில் ஒட்டினார்கள். அது பிடித்துக்கொண்டது என்று டாக்டர் சொன்ன அன்று, பதினோராம் நாள், டியூட்டி முடிந்த பிறகும் நீங்கள் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள்.

"உங்க வீட்டுக்காரர் இல்லம்மா. அன்னைக்கே போயிட்டாக."

என்னிடம் மறைத்தது என் மாமியாரும் டாக்டரும் சேர்ந்து எடுத்த முடிவு என்று பின்னால்தான் தெரிந்தது. அடக்கம்கூட முடிந்திருந்தது. ஆனால் அதையெல்லாம் நீங்கள் சொல்லவில்லை. "பதினோரு நாளா என்னைய ஏமாத்தியிருக்கீக" என்றேன். "ஆமா, ஏமாத்திட்டேன்" என்றீர்கள், அவ்வளவுதான். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். உங்கள் வீடு விளங்காது என்றேன். தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். நான் ஓய்ந்து தண்ணீர் கேட்டபோது எடுத்துக் கொடுக்க நீங்கள் அங்கே இருந்தீர்கள்.

ஒரு வாரம் உங்களோடு பேசவில்லை. அப்புறம் நானே கேட்டேன், மீதிப் படத்தைப் போடச் சொல்லி. கதவு திறக்கிறது. அவள் கணவன் உள்ளே இறந்து கிடக்கிறான். அவள் அவன் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறாள். பிறகு எழுந்து, கலத்தைத் தனியாகவே பூமிப் பக்கம் திருப்புகிறாள். நீங்கள் ஏன் நிறுத்தினீர்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அதன் பிறகு எட்டு வருஷம் நீங்கள் எனக்கு உறவு. கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டில் நானும் மகளும், பொங்கலுக்கு எங்கள் வீட்டில் நீங்கள். வாங்க போங்க என்றவர் வா போ என்று கூப்பிடத் தொடங்கினீர்கள். எனக்குத்தான் கடைசிவரை சிஸ்டரை விட வாய் வரவில்லை.

நீங்கள் படுத்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டு ஆலங்குளத்தில் உங்கள் அண்ணன் வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே அவர் என்னை நிறுத்தி, புற்று பரவிவிட்டது, டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள், தங்கச்சியிடம் குடல்புண் என்றுதான் சொல்லியிருக்கிறோம், நானும் அப்படியே சொல்ல வேண்டும் என்று கெஞ்சினார். தலையாட்டிவிட்டு உள்ளே வந்தேன். பாதி உடம்பாகக் கிடந்தீர்கள். அண்ணி காபி போடப் போனதும் என் கையைப் பிடித்தீர்கள்.

"இவுக சொல்றது எதையும் நம்ப முடியல. நீ சொல்லு. எனக்கு என்ன?"

அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "புத்து, சிஸ்டர். பரவிருச்சு" என்றேன்.

கண்ணை மூடித் திறந்தீர்கள். தூத்துக்குடியில் இருக்கும் உங்கள் தங்கச்சிக்குப் போன் போட்டுக் கொடுக்கச் சொன்னீர்கள். உங்களோடு வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்தவர் அவர். மறுநாளே வந்தார். நீங்கள் போகும்வரை பன்னிரண்டு நாள் உங்கள் பக்கத்திலேயே படுத்திருந்தார். உங்கள் அண்ணன் மட்டும் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. நான் செய்தது சரிதானா என்று பல நாள் விழித்துக் கிடந்திருக்கிறேன்.

இப்போது நான் சிவகாசியில் ஒரு நோட்டு கம்பெனியில் பைண்டிங் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் விபத்து. என்னோடு வேலை பார்க்கும் பெண்ணின் கணவன் அங்கேயே முடிந்துவிட்டான் என்று ஆபீசுக்குப் போன் வந்தது. லேசான காயம் என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்றார்கள் எல்லோரும். நான் அவளைக் காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் அழைத்துப்போய் உட்காரவைத்துச் சொன்னேன். என் நெஞ்சிலேயே அடித்தாள். பொய் சொல்கிறேன் என்றாள். விளங்கமாட்டாய் என்றாள். பிறகு என் மடியில் சரிந்து, "அக்கா, நீங்க கூட வாரீகளா?" என்று கேட்டாள்.

கம்பெனி வேனில் அவளோடு ஏறினேன். அன்று முழுக்க இருந்தேன், மறுநாளும் போனேன். இப்படிச் செய்தி சொல்ல எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது, சிஸ்டர். ஆனால் சொன்ன பிறகு எழுந்து போக எனக்குத் தெரியவில்லை.