சுகப்பிரசவம் என்று நான் சொன்னது

ஆவணி 9, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி இருட்டி, வராமல் போனது. அக்கா மகள் ரேவதியையும் குழந்தையையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. பட்டுப் பாவு ஏற்றிப் போகிற மாதிரி ஓட்டப்பா என்று ஆட்டோக்காரரிடம் சொன்னேன். பிள்ளையார்பாளையம் பூராவும் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் முழங்கையைப் பிடித்தாள். விரல் பதிந்த இடம் இன்னும் சிவப்பு.

பெண் குழந்தை. மூன்று கிலோ. (டீக்கடையில் நாலு என்றேன்.)

டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு அரைமணி நேரம் விளக்கினார். சரி, இந்த நோட்டை யார் பார்க்கப் போகிறார்கள். நர்ஸ்தான். ஐந்து நிமிடம். அக்காவுக்குச் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

வெள்ளை மாத்திரை ஆறு மணி நேரத்துக்கு ஒன்று.
மஞ்சள், சாப்பிட்ட பிறகு. காலை, இரவு.
வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அது ஏறுவதற்கு முன்னாலேயே போட வேண்டும்.
தாய்ப்பாலுக்கு ஒன்றும் ஆகாது.
எழும்போது ஒருக்களித்து, கையை ஊன்றி. நேராக எழக் கூடாது. குனியக் கூடாது.
காய்ச்சல், தையல் சிவப்பது, நீர் கசிவது என்றால் உடனே வர வேண்டும்.

மாத்திரைப் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். தறியில் பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைக்கிறவன் நான். ஆயிரக்கணக்கான இழையில் ஒன்று விட்டுப் போனது கிடையாது. ஆறு மணி நேரத்துக்கொரு மாத்திரை எனக்கு ஒரு வேலையா?

ஒரு விஷயம் எழுதித்தான் ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை ஆபரேஷன் முடிந்ததும் போன். டீக்கடை முருகேசன். குழந்தை என்ன என்று கேட்கவில்லை, ரேவதி எப்படி என்று கேட்கவில்லை. "இன்னாண்ணா, நார்மலா?" அதுதான் முதல் கேள்வி. கடையில் யாரோ பேசுவதும் கேட்டது. "இப்ப இருக்கிற பொண்ணுங்களுக்கு எங்கபா வலி தாங்குது? கத்தி வெச்சிக்கினு வந்துடுதுங்க."

பதினான்கு மணி நேரம் வலியில் கிடந்தவள். கதவுக்கு வெளியே நின்று கேட்டவன் நான். சுருக்கென்றது.

"நார்மல்தான்பா. சுகப்பிரசவம். எங்க வம்சத்துல கத்தி பட்டதே கிடையாது."

இப்போது தெரு முழுக்க அதுதான் பேச்சு. அக்காவுக்கு ஆத்திரம். "உன்ன யாருடா கேட்டாங்க? வூட்டுக்கு வர்றவங்ககிட்ட நான் இன்னான்னு சொல்லட்டும்?"

ரேவதி படுத்தபடியே, "உடும்மா. நாலு நாளு சமாளிச்சிக்கிலாம். மாமா மானம் போயிடப் போவுது" என்றாள். சிரிக்கப் போனவள் பாதியில் நிறுத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

ஆவணி 10, புதன்

வெயில். கூட்டம். எதிர்வீட்டு சரோஜாக்கா, டீக்கடை முருகேசன் பெண்சாதி, பின்தெருவிலிருந்து ஐந்து பேர். பழம், ஹார்லிக்ஸ், குழந்தைக்குச் சட்டை (மூன்று, எல்லாம் ஒரே நிறம்).

"எழுந்து உக்காருமா. சுகப்பிரசவம் ஆனவ படுத்துக்கினே இருந்தா உடம்பு ஊதிடும்." சொன்னது யாரோ. ரேவதி உட்கார்ந்தாள். வந்தவர்கள் மெச்சினார்கள். நானும் என் பங்குக்கு, வலி எடுத்து ஒரு மணி நேரத்தில் குழந்தை பிறந்த கதையைச் சொன்னேன். நன்றாகத்தான் வந்தது கதை.

அவர்கள் போனதும் அக்கா அவள் நெற்றியைத் துடைத்தாள். முந்தானை நனைந்துவிட்டது.

மாத்திரை அட்டை அலமாரியில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி இருந்தது. சுகப்பிரசவத்துக்கு இத்தனை மாத்திரையா என்று யாராவது கேட்டால்? அட்டையையும் மருந்துச் சீட்டையும் என் வேலைப் பையில் வைத்தேன். வேளைக்கு எடுத்துக் கொடுத்தால் போயிற்று.

ஆவணி 11, வியாழன்

மா. 4க்குத் தூறல். வேலை இல்லை. குழந்தைக்கு என் மூக்கு. அக்கா ஒப்புக்கொள்ளவில்லை.

ரேவதியைக் கேட்டேன், எப்படியம்மா வலிக்கிறது என்று.

"ஒரே மாரி இல்ல மாமா. படுத்திருந்தா எங்கியோ தூரத்துல இருக்குது. எழுந்தா கிட்ட வந்து நிக்குது. இருமுனா அவ்ளோதான்."

"தையல் எடுத்தா சரியாயிடும்."

"அது கரையற தையல் மாமா. எடுக்க மாட்டாங்க."

தெரிந்தமாதிரி தலையாட்டினேன். எதைக் கேட்டாலும் அதைவிடப் பெரிதாக ஒன்று சொல்ல எனக்கு வரும். இதற்கு ஒன்றும் வரவில்லை. பால் கொடுக்கும்போது உள்ளே இழுத்துப் பிடிக்கிறதாம், பால் கொடுக்கிற சந்தோஷமும் கூடவே வருகிறதாம். ரெண்டையும் எப்படி ஒரே நேரத்தில் வைத்துக்கொள்வது?

ஆவணி 12, வெள்ளி

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும்.

கா. 6க்கு மாத்திரை கொடுத்தேன். எட்டு மணிக்குச் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஆள். கல்யாணப் புடவை, அவசரம், இன்றே பாவு பிணைத்தாக வேண்டும், உங்களை விட்டால் ஆள் இல்லை என்றார்கள். (அவர்கள் சொன்னது, "கைலாசம் வரல, நீங்க வர்றீங்களா?") பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். பன்னிரண்டுக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்கு.

நேற்றுத் தூறலில் நூல் ஈரம் வாங்கியிருந்தது. தொட்டால் அறுந்தது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தேன், போன் அதில். வேலையில் உட்கார்ந்தால் எனக்கு உலகம் தெரியாது, அதைப் பெருமையாகவே எல்லாரிடமும் சொல்வேன். மூன்றரைக்குச் சாம்பல் தீர்ந்தது என்று பையில் கை விட்டேன். மாத்திரை அட்டை கையில் வந்தது.

போனில் அக்கா பதினோரு தடவை.

சைக்கிளை எப்படி மிதித்தேன் என்று தெரியாது. வீட்டில் பின்தெரு பெண்கள் மூன்று பேர். ஒன்றரை மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ரேவதி அவர்கள் எதிரே, மடியில் குழந்தை, சம்மணம். அக்கா அலமாரி, பெட்டி, சமையலறை எல்லாம் தேடிவிட்டு, சீட்டும் இல்லாமல் மருந்துக்கடையில் என்னவென்று கேட்பது என்று நின்றிருக்கிறாள். ரேவதியின் முகத்தைப் பார்த்தேன். வெளுத்த துணி. உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தவர்களுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

ஏதோ சொல்லி அவர்களை அனுப்பினேன். மாத்திரையைக் கொடுத்தேன். அவளால் படுக்க முடியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறந்துட்டேம்மா, பாவு சதி பண்ணிடுச்சு என்று ஆரம்பித்தேன்.

"மாமா. கொஞ்ச நேரம் பேசாத."

அவள் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

நர்ஸுக்குப் போன். "விட்டதையும் சேத்து ரெண்டா போட்டுடாதீங்க சார். ஒண்ணுதான். ஏறிட்ட வலி இறங்க நேரம் ஆவும். அதுக்குத்தானே வேளை தவறாம குடுங்கன்னு சொன்னது? காய்ச்சல் இருக்குதா பாருங்க." இல்லை.

ஆவணி 13, சனி

வலி இன்று மதியத்துக்குத்தான் இறங்கியது. தையல் காய்ந்துதான் இருக்கிறது, அக்கா பார்த்தாள். மாத்திரை அட்டை திரும்ப அலமாரியில். அதை இனி நான் தொடக் கூடாது என்று உத்தரவு.

"திங்கக்கெழம தொட்டில் போடறோம். தெருவே வரும். மணையில குந்தவெச்சி அவள குனியவெப்பாங்க. அதுக்குள்ள நீ இன்னா பண்ணுவியோ, நீயா போயி உண்மைய சொல்லிட்டு வா" என்றாள் அக்கா.

"நீயே சொல்லேன்கா."

"நான் சொன்னா, தம்பி வேற சொல்றான், இவ வேற சொல்றாளேன்னு வேடிக்க பாப்பாங்க. பரப்புனது நீ."

டீக்கடைக்குப் போனேன். "வாங்கண்ணா! வம்சத்துல கத்தி படாத மாமன் வந்துட்டாரு!" என்றான் முருகேசன். எல்லாரும் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் டீதான் உள்ளே போனது.

வீட்டுக்கு வந்தேன். என்னைப் பார்த்ததும் அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகத்தைப் பார்த்ததே போதும் போலிருக்கிறது.

ஆவணி 15, திங்கள்

பளிச்சென்று வெயில். தொட்டில்.

உத்திரத்தில் சேலையைக் கட்டியது நான். தாய்மாமன் வேலை. ரேவதிக்குக் கூடப் பிறந்தவன் இல்லை, அதனால் அவள் மாமன் நானே குழந்தைக்கும். வழக்கம் இது: தாய் மணையில் உட்கார்ந்து, குழந்தையைத் தொட்டிலுக்கு அடியில் கொடுக்க வேண்டும். மாமன் மறுபக்கம் குனிந்து வாங்கி, மேலாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூன்று சுற்று. ரேவதி குனிய வேண்டாமே என்று இரண்டு சாண் உயர்த்திக் கட்டியிருந்தேன். அது என் மூளை. பின்தெருக் கிழவி ஒருத்தி வந்து பார்த்தாள். "இன்னாபா, தொட்டில ஆகாசத்துல கட்டியிருக்க?" இரண்டு பெண்கள் அவிழ்த்து இறக்கிவிட்டார்கள். என்னால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. சொன்னால் ஏன் என்பார்கள்.

தொட்டிலுக்கென்று வந்திருந்த மாப்பிள்ளை, ரேவதி புருஷன், வாசலில் வந்தவர்களுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்.

முதல் சுற்று. ரேவதி குனிந்தாள். குழந்தை வந்தது. வாங்கி மேலே கொடுத்தேன்.

இரண்டாவது சுற்று. தொட்டில் சேலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அவள் முதுகும் பூவும்தான் தெரியும். அடியில் குனிந்திருக்கிற எனக்கு மட்டும்தான் முகம். கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். பாதி வழியில் கை நின்றுவிட்டது. மேலேயிருந்து சத்தம். "நல்லா குனிமா! நாங்கல்லாம் பெத்த மறுநாளே மாவு ஆட்டுனோம்!"

குழந்தையின் கீழே என் கையைக் கொடுத்தேன். கண்ணைத் திறந்து பார்த்தாள். கேட்கவில்லை, கெஞ்சவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

"போதும். அவளால குனிய முடியாது. ஆபரேஷன் பண்ணது. நான்தான் பொய் சொன்னேன். வலிக்குது அவளுக்கு."

தொட்டிலுக்கு அடியிலிருந்தே சொன்னேன். வெளியே தலையை நீட்டத் தைரியம் இல்லை. என் ஆயுசிலேயே இவ்வளவு சின்னதாக நான் எதையும் சொன்னது கிடையாது.

முதலில் வந்தது சரோஜாக்கா குரல். "பாத்துக்கினு நிக்கறீங்களே, மணைய எடுங்கடி! நாற்காலி கொண்டா. நீ அந்தப் பக்கம் புடி. நேரா தூக்காத, ஒருக்களிச்சாப்பல."

கிழவி மட்டும், "அப்ப வம்சத்துல கத்தி படலன்னானே?" என்றாள்.

முருகேசன் பெண்சாதி சிரித்தாள். "எனக்கும் ஆபரேஷன்தான் ஆயா. எங்க வூட்டுக்காரரும் கடையில உக்காந்துக்கினு நார்மல்னுதான் சொல்லிக்கினு இருக்காரு, ஆறு வருசமா."

முருகேசன் சர்க்கரைத் தட்டோடு கதவருகில் நின்றிருந்தான். தட்டைக் கீழே வைத்துவிட்டு, இலை போடப் போய்விட்டான்.

மீதிச் சுற்றுக்கு ரேவதி நாற்காலியில் உட்கார்ந்தபடி குழந்தையைத் தொட்டாள், சரோஜாக்கா குனிந்தாள். பெயர் யாழினி. நான் தேர்ந்தெடுத்தது. (ரேவதி போனில் எடுத்துவைத்திருந்தாள். நன்றாயிருக்கிறது என்றது நான்.)

ஆவணி 16, செவ்வாய்

மழை. தெரு ஈரம், இன்று யாருக்கும் தறி சரியாக ஓடாது.

சரோஜாக்கா தலையணையோடு வந்தாள். இருமல் வந்தால் வயிற்றோடு அணைத்துக்கொள்ளவாம். படுத்தபடியே பால் கொடுப்பது எப்படி என்று காட்டினாள். நான் கூடத்தில். திரைக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது.

"எனக்கு ரெண்டும் ஆபரேஷன். வந்தவாசியில அம்மா வூட்ல பெத்துக்கினு வந்தேன், இங்க யாருக்குத் தெரியும்? நாப்பதாவது நாளு தறியில எறங்கிட்டேன். மிதிக்கசொல்ல இன்னிக்கும் ஒரு இழுப்பு இழுக்கும்."

"யார்கிட்டயும் சொல்லலியாக்கா?"

"யாரும் கேக்கல. நானும் சொல்லல. தாங்கிக்கினா நல்லவன்னு பேரு. அந்தப் பேர வெச்சிக்கினு இன்னா பண்றது, சொல்லு? நீ மாத்திரைய வேளைக்குப் போடு. எவ கேட்டாலும் வலிக்குதுன்னு சொல்லு."

ரேவதி அழுவது கேட்டது. ஆபரேஷன் அன்றைக்கும் அழவில்லை, வெள்ளிக்கிழமையும் அழவில்லை. நான் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றேன்.

ஈரத்திலும் தெருவில் அத்தனை வீட்டிலும் தறிச் சத்தம், விட்டு விட்டு. பதினெட்டு வயதிலிருந்து இந்த வீடுகளுக்குள் போய் வருகிறேன். எந்த வீட்டுத் தறியில் எந்த அச்சு தேய்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மிதிக்கிறவளுக்கு எங்கே இழுக்கிறது என்று ஒரு நாள் கேட்டதில்லை. டீக்கடைப் பேச்சிலிருந்து ரேவதியைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். வலிக்கிறது என்று சொல்ல அவளுக்கு இருந்த ஒரே வழியை அடைத்திருக்கிறேன்.

ஆவணி 21, ஞாயிறு

இளவெயில். காற்று. நேற்று நர்ஸ் பார்த்தார். மஞ்சள் மாத்திரை நிறுத்தம். வெள்ளை, தேவைப்பட்டால் மட்டும். தேவையா இல்லையா என்று அவள்தான் சொல்ல வேண்டும், வேறு யாரும் இல்லை என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அக்கா சொல்லியிருப்பாள்.

காலையில் ரேவதி தெருமுனை வரை நடந்து பார்க்கிறேன் என்றாள். வலது கை வயிற்றில், இடது கை என் தோளில். நாலு வீடு தாண்டி நின்றோம். மறுபடி நாலு வீடு. ஜன்னல் வழியே பின்தெருப் பெண் ஒருத்தி தறியை நிறுத்திவிட்டுக் கேட்டாள், "இன்னா ரேவதி, தையல் எப்டி இருக்குது?"

"இன்னும் இழுக்குதுக்கா. எழுந்தா ரொம்ப. ராத்திரி ஒரு மாத்திர போட்டேன்."

எதிர் வரிசைக்கும் கேட்கிற குரல். அந்தப் பெண், அப்படித்தான் இருக்கும், மெதுவா நட என்றாள். ஏழு அடுக்குத் தையல், பெரிய டாக்டர்களே அசந்து போனார்கள் என்று நான் வாயைத் திறந்தேன்.

ரேவதி என் தோளை அழுத்தினாள்.