முதல் நாளுக்கு இரண்டே விளையாட்டு

கியோட்டோ
24 மார்ச் 1996

அன்புள்ள தம்பி கோஹெய்க்கு,

இங்கே பிளம் பூ உதிர்ந்துவிட்டது, செர்ரி இன்னும் மனம் வைக்கவில்லை. ஹகோதாதேயில் பனி கரையவே இல்லை என்று செய்தியில் பார்த்தேன். சதோகோவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? புருஷனோடு பிறந்த ஊருக்கே திரும்பிப் போனதில் அவளாவது சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன் ராஜினாமாவை என் கையில் கொடுக்காமல் வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய். அது எனக்கு வருத்தம்தான். சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே இயக்குநர்களைக் கூப்பிட்டு, "அடுத்து மித்சுயோ" என்று சொன்னபோது உன்னைப் போலவே நானும் திகைத்துத்தான் போனேன். நான் ஊஜி தொழிற்சாலையில் பிளாஸ்டிக் மூடியும் திருகாணியும் பார்த்துக்கொண்டிருந்தவள். ஹயாசே கம்பெனி என்று சொன்னால் ஜனங்களுக்கு ஞாபகம் வருகிற வீடியோ விளையாட்டுகளையெல்லாம் செய்தவன் நீ. ஏன் என்று அப்பாவிடம் கேட்டேன். அவருக்குப் பேச்சு இன்னும் குழறுகிறது. "அவனுக்கு எல்லாமே பிடிச்சிருக்கு. எதையும் விட மாட்டான்" என்றார். அவ்வளவுதான். அது குறையா பாராட்டா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நவம்பரில் டிவியில் மாட்டி விளையாடுகிற நம் புதிய கருவி கடைக்கு வருகிறது. அதோடு முதல் நாளே விற்க மூன்று விளையாட்டுகள். உன் 'ஓநாய் மலை', மாஜாங் என்கிற பழைய காய் ஆட்டம் ஒன்று, மத்சுவேயில் நவாத்தா என்ற தம்பதி செய்கிற ஒரு மீன்பிடி. கருவியை ஜனங்கள் வாங்கப்போவது ஓநாய்க்காகத்தான், அது எல்லோருக்கும் தெரியும். நீயும் உன்னோடு வேலையை விட்டுக் கிளம்பிப் போன பிள்ளைகளும் அங்கேயே இருந்து அதை முடித்துக் கொடுங்கள். கியோட்டோவுக்கு வா என்று கூப்பிட மாட்டேன்.

அப்பாவை ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போ. இது தலைவராகச் சொல்வதில்லை.

உன் அக்கா,
மித்சுயோ

*

ஹகோதாதே
9 ஏப்ரல் 1996

ஹயாசே நிறுவனத் தலைவர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. 'ஓநாய் மலை' நவம்பருக்குள் முடியும். நாங்கள் துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய கணவாய் மீன் கிடங்கை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். வாடை இருக்கிறது, மற்றபடி வசதி. சோதனைக் கருவிகள் மூன்று அனுப்பினால் உதவியாக இருக்கும்.

மாஜாங் சரி, தாத்தாக்கள் வாங்குவார்கள். மீன்பிடியை யார் வரிசையில் சேர்த்தது? புத்தம்புதுக் கருவியைத் திறந்ததும் ஒருவன் தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா? தொழிற்சாலையில் நேரம் போகாதவர்கள் எடுத்த முடிவு போலத் தெரிகிறது.

சதோகோ நலம். தங்களை விசாரித்தாள்.

இப்படிக்கு,
ஹயாசே கோஹெய்

*

கியோட்டோ
18 ஜூன் 1996

அன்புள்ள தம்பிக்கு,

மழை விட்டபாடில்லை. அலுவலகத்தில் நகலெடுக்கும் இயந்திரம்கூட ஈரத்தில் காகிதத்தைக் கடித்துக்கொள்கிறது.

மீன்பிடியைச் சேர்த்தது நான்தான். நேரம் போகாமல் இல்லை. விளையாடிப் பார்த்தபோது ஏரியில் மூடுபனி விலகுகிற நேரத்துக்காகக் காத்துக்கொண்டே மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன், அதனால்.

சோதனைக் கருவிகளைப் போன வாரமே அனுப்பிவிட்டேன். உள்ளே படம் வரைகிற மின்னணுச் சில்லை நீ இங்கே இருந்தபோது கேட்டபடியே மாற்றியாகிவிட்டது. அதற்காகக் கஜிதானி ஸாரோடு இரண்டு கூட்டங்களில் மல்லுக்கட்டினேன். அப்பா காலத்திலிருந்தே நிர்வாக இயக்குநராக இருக்கிறவர், அவருக்கு என்னிடம் விளக்கம் கேட்பது கொஞ்சம் கௌரவக் குறைச்சல். "அந்தச் சில்லு எதுக்குன்னு உங்களுக்குப் புரியுதாம்மா?" என்றார். "எனக்குப் புரியல ஸார். கோஹெய்க்குப் புரியும்" என்றேன். கூட்டம் முடிந்தது.

ஓசாகாவில் மொத்த வியாபாரி த்சுஜிமோத்தோ தினமும் போன் செய்கிறார். "ஓநாய் வருதா, ஓநாய் வருதா" என்று ஒரே பல்லவி. வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டார். ஊறுகாய் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, திட்டுகிறார். திட்டுவது நல்ல அறிகுறி என்கிறார் டாக்டர்.

அக்கா

*

ஹகோதாதே
20 ஆகஸ்ட் 1996

அக்கா,

இத்துடன் 'ஓநாய் மலை' கேசட். முதல் மலையும் இரண்டாம் மலையும் முழுசாக இருக்கின்றன. மூன்றாவதில் பனிப்புயல் சேர்த்திருக்கிறேன். அதைப் பார்த்தபின் நான்காவது மலை ஒன்று தேவை என்று தோன்றியது. பையன்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேலை ஆரம்பித்துவிட்டோம்.

இரண்டாம் மலையில் சில இடங்களில் ஓநாய் தரைக்குள் விழுந்துவிடும். அது சின்ன விஷயம், சரிசெய்துவிடலாம்.

சில்லுக்கு நன்றி. பனி விழுவதைப் பார், அதனால்தான் கேட்டேன்.

கோஹெய்

*

கியோட்டோ
12 செப்டம்பர் 1996

அன்புள்ள கோஹெய்,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

'ஓநாய் மலை'யை முதல் நாள் வரிசையிலிருந்து எடுத்துவிட்டேன்.

பனி விழுவதைப் பார்த்தேன். அப்படி ஒன்றை நான் எந்தத் திரையிலும் பார்த்ததில்லை. ஆனால் ஓநாய் ஏழெட்டு இடங்களில் தரைக்குள் போய்விடுகிறது, மூன்றாம் மலை பாதியில் நிற்கிறது, நீ நான்காவதைத் தொடங்கியிருக்கிறாய். நவம்பருக்குள் கட்டி முடிக்கலாம். முடித்தால் அது உன் விளையாட்டாக இருக்காது. பண்டிகைக்கு அதை வாங்கிப்போகிற பிள்ளை, ஓநாய் தரைக்குள் விழுகிறதை மட்டும்தான் ஞாபகம் வைத்திருப்பான்.

கூட்டத்தில் இரண்டு யோசனை சொன்னார்கள். ஒன்று, இருக்கிறபடி விற்றுவிடுவது. இன்னொன்று, கருவியையே வசந்தத்துக்குத் தள்ளுவது. தொழிற்சாலையில் ஆட்களைச் சேர்த்தாகிவிட்டது, கடைக்காரர்கள் அலமாரியைக் காலி செய்து வைத்திருக்கிறார்கள். தள்ள முடியாது. கருவி நவம்பரில் மாஜாங்கோடும் மீன்பிடியோடும் வரும் என்று சொன்னேன். பிறகு கஜிதானி ஸார், "இது சரியா போகலேன்னா, தலைவர் யாருங்கறதையும் நாம மறுபடி பேச வேண்டியிருக்கும்" என்றார். "பேசலாம் ஸார், அதுக்கும் நான் வருவேன்" என்றேன். அடுத்த கோப்பைத் திறந்தேன்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். விளையாட்டு முடிந்தது என்று நீ சொல்கிற நாள்தான் அதற்கு வெளியீட்டு நாள். அதுவரை எங்கேயும் தேதி போடமாட்டேன்.

நமக்காக வேலை செய்கிற எல்லோருக்கும் அனுப்புவது போல உனக்கும் மீன்பிடியின் சோதனை கேசட்டை அனுப்பியிருக்கிறேன்.

மித்சுயோ

*

ஹகோதாதே
17 செப்டம்பர் 1996

தலைவர் அவர்களுக்கு,

முடிவு தெரிந்துகொண்டேன். அப்பா ஆளைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். திருகாணியும் விளையாட்டும் ஒன்றுதான் என்று நினைக்கிறவர்களால்தான் இவ்வளவு சுலபமாகக் கழற்றி வைக்க முடியும்.

இனி வேலை சம்பந்தமான விஷயங்களை என் உதவியாளருக்கு எழுதினால் போதும்.

ஹயாசே கோஹெய்

*

கியோட்டோ
13 அக்டோபர் 1996

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை எந்த முகவரிக்கு அனுப்புவது என்றே தெரியாமல் மத்சுவேக்கு அனுப்புகிறேன்.

நேற்று மீன்பிடி வேலை எப்படிப் போகிறது என்று கேட்க நவாத்தா வீட்டுக்குப் போன் செய்தேன். போன வாரம் அந்த அம்மா அழாத குறையாகப் பேசியிருந்தார். அவர்கள் பழைய சோதனைக் கருவியில் செய்திருக்கிறார்கள், புதிய சில்லில் போட்டால் மீன் மேலே வரும்போதெல்லாம் தண்ணீர் திக்கித் திக்கி நிற்கிறது என்றார். அந்தச் சில்லை மாற்றியது நான். அதை அவர்களுக்குச் சரியாகச் சொல்லாமல் விட்டது எங்கள் அலுவலகம். ஆள் அனுப்பலாம் என்றால், அதை அறிந்தவர்கள் எல்லோரும் உன்னோடு போய்விட்டார்கள். உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நேற்று அந்த அம்மாவின் குரலே வேறு மாதிரி இருந்தது. "பாதி சரியாயிடுச்சுங்க. உங்க தம்பி இங்கதான் இருக்காரு. எங்க சோஃபால தூங்குறாரு. எழுப்பட்டுமா?" என்றார்.

"எந்தத் தம்பி?" என்று கேட்டேன். எனக்கு இருக்கிறதே ஒருவன்தான்.

"வேண்டாம், தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பிறகு கொஞ்ச நேரம் யாரையும் அறைக்குள் விடவில்லை.

மத்சுவேயில் குளிர் தொடங்கியிருக்கும். கம்பளிச் சட்டை எடுத்துப் போனாயா?

அக்கா

*

மத்சுவே
19 அக்டோபர் 1996

அக்கா,

சட்டை எடுத்து வரவில்லை. நவாத்தாவின் சட்டையைப் போட்டிருக்கிறேன், கை நீளம் போதவில்லை.

நீ நினைப்பது போல ஒன்றும் இல்லை. அந்த கேசட்டை நான் பிரிக்கவே இல்லை. சதோகோதான் பிரித்தாள். உனக்குத் தெரியும், கல்யாணமான நாளிலிருந்து என் விளையாட்டு ஒன்றைக்கூட அவள் தொட்டதில்லை. "என்னைத் துரத்துறதுக்கு அதுல எப்பவும் யாராவது இருக்காங்க" என்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன்பிடியைப் போட்டவள், சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. மீன் வந்ததும் தண்ணீர் நின்றுவிட்டது. "இங்க பாருங்க, இது ஏன் திக்குது? பாவம், சரிபண்ணிக் குடுங்களேன்" என்றாள், ஏதோ பக்கத்து வீட்டுக் குழாய் ஒழுகுகிற மாதிரி.

எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ள இரண்டு நாள் ஆயிற்று. பிறகு கிளம்பி வந்துவிட்டேன். பையன்களில் இருவரும் வந்திருக்கிறார்கள்.

நவாத்தா பேசவே மாட்டார். அவர் மனைவி இருவருக்கும் சேர்த்துப் பேசுவார். நான் வந்த அன்றைக்கு ஆர்வத்தில், "இந்த ஏரியில் இடி மின்னல் ஒண்ணு சேர்க்கலாமே, படகு கவிழற மாதிரி ஒரு காட்சி" என்று ஆரம்பித்தேன். அந்த அம்மா டீயை வைத்துவிட்டு, "தண்ணிய மட்டும் சரிபண்ணுங்க ஸார், போதும்" என்றார். நவாத்தா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

தண்ணீர் இப்போது ஓடுகிறது. முடிந்த விளையாட்டு இம்மாதக் கடைசிக்குள் உன் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்துவிடும்.

ஓநாயைப் பற்றி இன்னும் உன்மேல் கோபம்தான். ஆனால் நான்காவது மலையை எடுத்துவிட்டேன். நீ சொன்னதற்காக இல்லை.

கோஹெய்

*

கியோட்டோ
1 டிசம்பர் 1996

அன்புள்ள தம்பிக்கு,

மேப்பிள் இலை எல்லாம் கொட்டிவிட்டது, தெருவைப் பெருக்கி மாளவில்லை. ஒரு வாரமாக எழுத நினைத்தும் நேரமே கிடைக்கவில்லை.

வெளியீட்டு நாளன்று ஓசாகாவில் த்சுஜிமோத்தோவின் கடை வாசலில் போய் நின்றேன். வரிசை இருந்தது. தெருமுனைவரை என்று சொன்னால் பொய். பக்கத்து ஷூக்கடை வரை இருந்தது. கஜிதானி ஸார் எண்ணிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். மத்தியானத்துக்குள் மாஜாங் நன்றாகப் போனது, மீன்பிடி அப்படியே அடுக்கில் இருந்தது.

அது சனிக்கிழமை. புதன்கிழமை த்சுஜிமோத்தோ போன் செய்தார். "மீன் தீந்துபோச்சும்மா" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. கருவி வாங்கிய பையன்களின் வீட்டில் அம்மாக்கள் விளையாட ஆரம்பித்திருக்கிறார்கள், அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். கேம் கடைக்குள் ஒருநாளும் கால் வைக்காதவர்கள் வந்து, "அந்த ஏரி இருக்கா?" என்று கேட்கிறார்களாம். கருவியையும் சேர்த்து வாங்குகிறார்கள். ஊஜியில் இப்போது ஞாயிற்றுக்கிழமையும் வேலை நடக்கிறது. மலை போன்ற வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் கருவி உயிரோடு இருக்கிறது. நானும் நாற்காலியில் இருக்கிறேன்.

சூட்டோடு சூடாக, மார்ச்சில் ஓநாய் என்று பத்திரிகையில் போட்டுவிடலாம் என்றார் கஜிதானி ஸார். தேதியைச் சொல்ல வேண்டியவன் ஹகோதாதேயில் இருக்கிறான் என்றேன். ஆச்சரியம், அவர் தலையாட்டினார்.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். இடது கையாலேயே மீன் பிடிக்கிறார். நேற்று ஒரு குட்டி மீனைப் பிடித்துவிட்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது கோஹெய் வேலை" என்றார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

இத்துடன் ஒரு தடிமனான உறை. அடுத்த கருவிக்கான முதல் வரைபடம். மேம்பாட்டுத் துறைக்குத் தலைவராக நீ திரும்பி வர வேண்டும் என்று இயக்குநர்களிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிவிட்டேன். கணவாய்க் கிடங்கிலிருந்தே செய், கியோட்டோவில் செய், உன் இஷ்டம். பிடிக்காததை அடித்துவிட்டு அனுப்பு. பதவி வேண்டாம் என்றாலும் வரைபடத்தைப் படித்துவிட்டு வேண்டாம் என்று சொல்.

அக்கா,
மித்சுயோ

*

ஹகோதாதே
14 டிசம்பர் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே முட்டளவு பனி. டிராம் ஓடுவதும் நிற்பதுமாக இருக்கிறது.

வரைபடத்தைப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்திலேயே சண்டை ஆரம்பம். கையில் பிடிக்கிற பாகத்தை யார் வரைந்தது? அந்தக் கோணத்தில் ஒருவன் அரைமணி நேரம் பிடித்தால் மணிக்கட்டு போய்விடும். சில்லைப் பற்றி எழுதியிருப்பது பரவாயில்லை. நினைவகம் போதவே போதாது. அடித்து எழுத ஆரம்பித்தேன், ஓரத்தில் இடம் இல்லை. இதைக் கடிதத்தில் பேசி முடிக்க முடியாது.

ஓநாய் அடுத்த இலையுதிர்காலத்துக்கு. மூன்று மலைதான். தேதியைப் போட்டுக்கொள்ளலாம், இந்தத் தடவை நான் சொல்கிறேன்.

இருபத்தெட்டாம் தேதி ரயிலில் வருகிறேன். சதோகோவும் வருகிறாள். புத்தாண்டு முடிந்ததும் அவளுக்கு மத்சுவே போய் நிஜ ஏரியைப் பார்க்க வேண்டுமாம். நவாத்தா அம்மாவிடம் ஏற்கெனவே போனில் பேசி வைத்துக்கொண்டாள், என்னைக் கேட்கக்கூட இல்லை.

நான் வருவதை அப்பாவிடம் சொல்லிவிடாதே, வேலையை விட்டதிலிருந்து அவரை நான் வந்து பார்க்கவே இல்லை. வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்க்கிறேன். அவர் என்னைப் பேர் சொல்லி உள்ளே கூப்பிடுகிறாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும். கூப்பிட்டால், பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் தேர்ந்தெடுத்தது சரிதான் என்று. உனக்கு முன்னால் சொல்ல மாட்டேன். அந்த நேரம் நீ சமையலறையில் இரு.

உன் தம்பி,
கோஹெய்