ஒரே கழிப்பறை உள்ள வீடு

பிப்ரவரி 19, புதன்

குடல் பரிசோதனை விஷயமாக நர்ஸிடமிருந்து போன் வந்தபோது தம்பி செமிசி சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். போனைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். கொடியில் காய்ந்த போர்வைக்குப் பின்னால் நின்றுதான் பேசினேன். என் குடலைப் பற்றிய பேச்சு தம்பி காதில் விழுவதா?

நான் ஆக்லாந்தில் பிறந்தவள், இங்கேயே பல்கலைக்கழகம் போனவள். என்ன பிரயோஜனம்? அவன் வீட்டுக்குள் இருந்தால் கழிப்பறைக் கதவைச் சாத்தக்கூட எனக்குக் கூசுகிறது. வயதுக்கு வந்த பிறகு நானும் அவனும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு சினிமா பார்த்ததில்லை. அவன் கராஜில்தான் படுக்கிறான். தோங்காக்காரர்கள் வீட்டில் அக்கா தம்பி என்றால் அப்படித்தான். அது பயமில்லை, மரியாதை.

நர்ஸ் பொறுமையாகக் கேட்டாள். வேறு மாத்திரை ஏதாவது உண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா? தாய்ப்பால் கொடுப்பதைச் சொன்னேன்.

"தாராளமா குடுக்கலாம். ஆனா உங்க உடம்பு வத்திடக் கூடாது. அதுக்காக வெறும் தண்ணியாவே குடிச்சுத் தள்ளாதீங்க, உப்பெல்லாம் இறங்கிடும். வடிகட்டின சூப்பு, உப்பு சர்க்கரைக் கரைசல், ஆப்பிள் ஜூஸ்னு மாத்தி மாத்திக் குடிங்க. குடலைக் கழுவுற மருந்து குடிக்கிற அன்னைக்கு உங்க கூட ஒரு ஆள் இருக்கணும். இருப்பாங்கல்ல?"

"தம்பி இருப்பான்."

"அவர்கிட்ட விவரம் சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்."

எவ்வளவு சுலபமாக வருகிறது பொய்.

பிப்ரவரி 21, வெள்ளி

இணையத்தில் படிக்காதே என்று எனக்கு நானே எத்தனை தடவை சொல்லிக்கொள்வது? குடலைக் கழுவும் அந்த மருந்தால் மயங்கி விழுந்தவர்கள், சிறுநீரகம் கெட்டவர்கள், வலிப்பு வந்தவர்கள். நடுராத்திரி வரைக்கும் படித்தேன். என் வீட்டுக்காரர் மனாசேயை எழுப்பிச் சொன்னேன்.

"எட்டு மாசமா ரத்தம் வருது, அப்பல்லாம் பேசாம இருந்த. இப்ப மருந்துக்குப் பயப்படறியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவர் கேட்டது நியாயம்தான். குழந்தை செய்னி பிறந்ததிலிருந்தே வருகிறது. மூலம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். டாக்டரிடம் சொல்லும்போதுகூட சுவரைப் பார்த்துத்தான் சொன்னேன். "குடும்பத்தில் யாருக்காவது?" என்றார். அப்பா வயிற்று நோயில் போனார் என்று மட்டும் தெரியும். வயிற்றில் எங்கே என்று மகளிடம் யார் சொல்வார்கள்?

பிப்ரவரி 23, ஞாயிறு

கெடுத்துவிட்டேன்.

இன்று வெள்ளை ரொட்டி, முட்டை, வெள்ளைச் சோறு மட்டும்தான். கீரை, இலை, நார் எதுவும் கூடாது. செவ்வாய்க்கிழமை பரிசோதனை. ஆனால் சர்ச் முடிந்து செமிசி மண் அடுப்பைத் திறந்தான். சேம்பிலையில் தேங்காய்ப்பாலும் மாட்டிறைச்சியும் வைத்துக் கட்டி வேகவைத்த லூ. முதல் பொட்டலம் அக்காவுக்குத்தான். அது என்றைக்கும் மாறாது.

"இது உனக்கு அக்கா. கருகாததா பாத்து எடுத்தேன்."

வயிறு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் காரணம் கேட்டிருக்க மாட்டான். கேட்காமல் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பான். அதை நினைத்தாலே தாங்க முடியவில்லை. இலையெல்லாம் தின்றேன். இரண்டாவது பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டேன்.

பாத்திரம் கழுவும்போது மனாசே காதோரம் வந்தார். "நான் சொல்லியிருப்பேன்ல."

"என்னன்னு? என் பொண்டாட்டிக்குக் குடலைக் கழுவப் போறாங்கன்னா?"

"பல்லு பிடுங்கப் போறாங்கன்னு."

சிரித்தேன். அப்புறம் குளியலறைக்குள் போய் அழுதேன்.

பிப்ரவரி 24, திங்கள், பிற்பகல்

மனாசே லீவு போடுகிறேன் என்றார். செமிசி சீக்கிரம் வந்துவிடுவான் என்று சொல்லி ஷிப்டுக்கு அனுப்பிவிட்டேன். செமிசியோ வேலை முடித்து, நேரே சர்ச் பாட்டுப் பயிற்சிக்குப் போய், இருட்டிய பிறகுதான் வருவான். மருந்தை மாலையில் ஆரம்பி என்று ஆஸ்பத்திரி கொடுத்த தாளில் இருக்கிறது. அவன் வருவதற்குள் முடியவேண்டும். இப்போதே ஆரம்பித்துவிட்டேன்.

மருந்து உப்புக் கரித்த எலுமிச்சைத் தண்ணீர் மாதிரி, கொழகொழவென்று.

நேற்றைய இலை உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தால்? சுத்தமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டால் மறுபடி முதலிலிருந்து — மறுபடி அந்த நர்ஸ், மறுபடி பொய். குழாய்த் தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாகக் குடிக்கிறேன். சூப் ப்ரிட்ஜில் இருக்கிறது. சுடவைக்க எங்கே நேரம்?

தலை வலிக்கிறது. செய்னி தொட்டிலில் விளையாடுகிறாள். இன்னொரு பாட்டில்

பிப்ரவரி 26, புதன். மருத்துவமனை

சோடியம் இறங்கிவிட்டதாம். வலிப்பு வந்ததாம். நான் அதிகம் வெறும் தண்ணீர் குடித்ததால் வந்தது. முதல் வருடத்தில் பயோகெமிஸ்ட்ரி எழுதிப் பாஸானவள் நான்.

எனக்கு ஞாபகம் இருப்பது கழிப்பறைத் தரையின் குளிர்ச்சி மட்டும். மற்றதெல்லாம் மனாசே சொன்னது. செமிசி உள்ளே வந்தபோது குழந்தை கத்திக் கத்திக் குரல் போய்க் கிடந்தாள். கழிப்பறைக் கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டிருக்கிறான். பதில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியை அழைத்து வர ஓடி, அங்கே யாருமில்லாமல் திரும்பி வந்து, கதவைத் தோளால் இடித்துத் திறந்திருக்கிறான். நான் எந்தக் கோலத்தில் கிடந்தேன் என்று மனாசே சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பாட்டுப் பயிற்சிக்காக இடுப்பில் கட்டியிருந்த பாயை அவிழ்த்து என்மேல் போர்த்தினானாம். மரியாதைக்கென்று தோங்காக்காரர்கள் உடுப்புக்கு மேலே கட்டுகிற பாய்.

"என்ன குடிச்சாங்க? எதுக்கு?" என்று ஆம்புலன்ஸ்காரப் பெண் கேட்க, பேசினுக்கு மேல் ஒட்டியிருந்த தாளை எடுத்து ஒவ்வொரு வரியாக வாய்விட்டு வாசித்திருக்கிறான். மலம் எந்த நிறத்தில் வரவேண்டும் என்ற வரி வரைக்கும்.

என் தம்பி. என் மலத்தைப் பற்றி. வாய்விட்டு.

நேற்று நடைக்கூடம் வரை வந்தானாம். துணிப் பையை மனாசேயிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

செய்னிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால்? என் கூச்சத்துக்கு என் பிள்ளையையும் சேர்த்துக் கொடுத்திருப்பேனே. ச்சீ. என்ன பொம்பளை நான்?

மார்ச் 9, ஞாயிறு

செமிசி வீட்டுக்குள் வருவதில்லை. கழிப்பறைக்குப் பெட்ரோல் பங்க் வரை நடக்கிறான். மழையில்கூட. இன்று என் பொட்டலத்தைப் பின்வாசல் படியில் வைத்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தான். ஆறிப்போயிருந்தது. நின்றுகொண்டே தின்றேன்.

மார்ச் 20, வியாழன்

பரிசோதனை முடிந்தது. இந்த முறை வார்டிலேயே வைத்து, ரத்தத்தில் உப்பைப் பார்த்துப் பார்த்து மருந்தைக் குடிக்க வைத்தார்கள். அறைக்குள்ளேயே கழிப்பறை. யாருக்கும் யாரும் உறவில்லை. எவ்வளவு நிம்மதி.

ஒரு கட்டி இருந்தது. பெரியது. எடுத்துவிட்டு, சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

மார்ச் 28, வெள்ளி

கட்டி கெட்டதாக மாறத் தொடங்கியிருந்ததாம். முழுவதும் எடுத்தாயிற்று, வேர்விடவில்லை என்றார் டாக்டர். எனக்கு இருபத்தொன்பது. இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"கூடப் பிறந்தவங்க உண்டா?"

"ஒரு தம்பி."

"அவருக்கும் பாக்கணும். தள்ளிப்போடாதீங்க."

வீட்டுக்கு வரும் வழியில் மனாசே, "நான் சொல்லிடறேன் விடு," என்றார். அதுதான் முறை. ஆனால் இவர் பல் என்று ஆரம்பித்து எங்கே கொண்டுபோய் முடிப்பாரோ. நானே சொல்கிறேன் என்றேன்.

கராஜ் வாசலில் புல்வெட்டும் மெஷினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். முதுகு என் பக்கம்.

"செமிசி. திரும்பாத. அப்படியே கேளு."

கை நின்றது.

எல்லாம் சொன்னேன். ரத்தம், கட்டி, அப்பா. என்னென்ன வார்த்தை சொன்னேனோ, இங்கே எழுதக்கூடக் கூசுகிறது. சொல்லி முடித்தேன். ஸ்பானரை எடுத்து ஏற்கெனவே இறுகியிருந்த நட்டையே இறுக்கிக்கொண்டிருந்தான்.

"எனக்கும் வருது அக்கா."

"எது?"

"ரத்தம்."

"எப்பலேர்ந்து?"

"உன் கல்யாணத்துக்கு முந்தியே."

எனக்குக் கல்யாணமாகி நான்கு வருடம். ஒரே வீட்டு வளவில் இரண்டு பேரும் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளித்துக்கொண்டு.

"எரும மாடே, யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல."

"நீ சொன்னியா?"

மே 12, திங்கள்

நாளைக் காலை செமிசிக்குப் பரிசோதனை. ஒரு வாரமாக லூ கிடையாது, வெள்ளைச் சோறுதான். "ஆஸ்பத்திரிச் சாப்பாடு போட்டே கொன்னுடுவா போலிருக்கு," என்று மனாசேயிடம் புலம்பினானாம். நர்ஸ் அழைத்தபோது போனை என்னிடம் நீட்டிவிட்டுக் கராஜுக்குள் போய்விட்டான். கூட யார் இருப்பார்கள் என்று கேட்டாள். அக்கா இருக்கேன் என்றேன்.

மாலை, தாளில் போட்டிருந்த நேரத்துக்கு ஆரம்பித்தான். நான் சமையலறையை விட்டு நகரவில்லை. அவன் ஓடுவது கேட்டது. கதவு சாத்துவது, தண்ணீர் இறங்குவது, எல்லாம் கேட்டது. ரேடியோவைச் சத்தமாக வைக்கலாம் என்று தோன்றியது. வைக்கவில்லை. அவன் விழுந்தால் கேட்க வேண்டுமே.

கோழி சூப்பை வடிகட்டிச் சுடவைத்து, கழிப்பறைக் கதவோரம் வைத்துவிட்டுத் தட்டினேன். திரும்பி நடந்தேன். கதவு ஒரு கை அளவுக்குத் திறந்து மூடியது. நடுவில் ஒரு முறை உறிஞ்சும் சத்தம். அப்புறம் உள்ளேயிருந்து குரல்.

"அக்கா."

"என்னடா?"

"உப்பு பத்தல."