காலிக் கிணற்றின் சமன்பாடு

எதற்கும் அவசரப்படாத என் லோகு மச்சானுக்கு,

கணிதத் துறை வாசலில் உன் படத்தை மாட்டியிருக்கிறார்கள். அதன் கீழே பலகையில் ஒட்ட ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். உன்னைப் பற்றி நாலு பேருக்குச் சொல்லுகிற மாதிரி எழுத எனக்கு வரவில்லை. உன்னிடம் பேசுவதுதான் வருகிறது. நின்று படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் திட்டிவிடுகிறேன். அந்தச் சனிக்கிழமை மத்தியானமே நெஞ்சை அழுத்துகிறது என்று சுமதி அக்காவிடம் சொல்லியிருக்கிறாய். வாயுவாகத்தான் இருக்கும் என்று நீயே முடிவும் கட்டி, ஒரு சோடாவைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டாய். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. "தெரியாததத் தெரிஞ்ச மாதிரி எழுதாதீங்க, எக்ஸ்னு எழுதுங்க" என்று வகுப்புக்கு வகுப்பு சொல்லுகிற ஆள், உன் நெஞ்சு விஷயத்தில் மட்டும் ஏன் மச்சான் அப்படித் தெரிந்த மாதிரி நடந்துகொண்டாய்? ஒரு போன் போட்டிருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருப்பேனே. தெருக்கோடியில்தானே இருந்தேன்.

உனக்குத் தெரிந்ததுதான், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நீ என் அத்தை மகன், சுமதி அக்கா உன் மனைவி. இந்தக் கல்லூரியில் நீ கணிதம் சொல்லிக்கொடுத்தாய், நான் இயந்திரவியல். வெண்ணந்தூரிலிருந்து புதுச்சத்திரம் வரை ஒரே வண்டியில்தான் வருவோம், வழி முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டு.

"டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்ல என்ன மச்சான் இருக்குது? வகையக் கண்டுபுடி, சூத்திரத்தப் போடு, விடைய எடு. இதுக்கு ஒரு மாசமா?" என்பேன்.

"விடை எதுக்கு வந்துச்சுன்னு தெரியோணுமில்ல மாப்ள?"

"மார்க்குக்கு வந்துச்சு."

நீ சிரிப்பாய். சிரித்தால் வண்டி ஆடும். பின்னால் வருகிற சங்ககிரி லாரிக்காரன் நம் இரண்டு பேரையும் சேர்த்து வைவான். "மெதுவாப் போடா, உனக்கு எல்லாத்துலயும் அவசரம்" என்று பழியை என் மேல் போடுவாய். வண்டி ஓட்டினது நீ.

நீ போன பிறகு துறைத் தலைவர் அம்மா என்னைக் கூப்பிட்டார். "சதீஷ், கணக்குக்கு ஆள் போடற வரைக்கும் லோகநாதன் சார் செக்‌ஷன நீங்க பாருங்க. பரீட்சை கிட்ட வந்துருச்சு. அந்த ஒரு யூனிட்ட மட்டும் முடிச்சுக் குடுத்துருங்க, போதும்." சரி என்றேன். இன்ஜினியருக்கு இது தெரியாதா என்கிற திமிரும் அதில் இருந்தது.

உன் வகுப்புக்குள் நுழைந்தபோது பலகையின் மூலையில் உன் கையெழுத்து அப்படியே இருந்தது. சுற்றிலும் கட்டம் போட்டு வைத்திருந்தார்கள். யாரும் அழிக்கவில்லை. ஒரு கிணற்றின் படம், அதன் பக்கத்தில் dh/dt = kh. கீழே ஒரு வரி: காலிக் கிணறு ஊறுமா?

பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. வகைக்கெழுச் சமன்பாடு என்பது ஒரு பொருள் எப்படி மாறுகிறது என்று மட்டும் சொல்லும். அதை வைத்து, அது எப்போது எவ்வளவு இருக்கும் என்ற முழுக் கதையையும் நாம் கண்டுபிடிக்க வேண்டும். எங்கே தொடங்கியது என்று சொல்லாவிட்டால் ஒரு விடை வராது, ஒரு கூட்டமே வரும். இங்கே தொடக்கம் காலிக் கிணறு. மோட்டார் ஓடித் தண்ணீர் தீர்ந்துபோன கிணறு.

பலகையில் இருந்த சமன்பாடோ, தண்ணீர் ஏறும் வேகம் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரைப் பொறுத்தது என்கிறது. தண்ணீர் சைபர் என்றால் வேகமும் சைபர். அப்படியானால் ஒருமுறை வற்றிய கிணறு காலத்துக்கும் வற்றியே கிடக்கும். மக்கள்தொகைக்கும் கிருமிக்கும் பாடப்புத்தகம் போடுகிற கணக்கைப் பிள்ளைகள் கிணற்றுக்கும் சொல்ல, நீ அப்படியே எழுதி வைத்திருக்கிறாய். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் செய்கிற தப்புதான். பழகின எழுத்தைக் கண்டால் கை தானாகப் போய்விடும்.

நான் டஸ்டரை எடுத்தேன். "ஊத்து வேகம் இருக்கற தண்ணியப் பொறுத்ததில்ல, இன்னும் ஏற வேண்டிய உயரத்தப் பொறுத்தது. காலியா இருந்தா வேகமா ஊறும், தண்ணி ஏற ஏற மெதுவாகும்." சரியான சமன்பாட்டை எழுதினேன், தீர்த்தேன், அடிக்கோடு போட்டேன். சாக்பீஸ் தேயக்கூட இல்லை. திரும்பிப் பார்த்தால் வகுப்பு செத்துக் கிடந்தது.

"எழுதிக்கோங்க. என்ன பாத்துட்டிருக்கீங்க?"

சங்ககிரிப் பையன் தமிழரசுதான் வாயைத் திறந்தான். அவன் அப்பா லாரி வைத்திருக்கிறார். "முடிஞ்சுதுங்களா சார்? அடுத்த கணக்குப் போலாமுங்களா?" என்றான். குரலில் கிண்டல் இருந்தது. எனக்கு அப்போது புரியவில்லை.

பவித்ரா எழுந்தாள். உனக்குத்தான் தெரியுமே, அந்தக் கிணறு அவள் வீட்டுக் கிணறு. "ஏனுங் சார், அத லோகநாதன் சார் சொல்லவே மாட்டேன்னாருங்க. கெணறு தப்பா, கணக்கு தப்பா, திங்கக்கெழம வந்து நீங்களே சொல்லோணும்னாருங்க."

"சரி, இப்பத் தெரிஞ்சுதில்ல?"

"நாங்க பாதி வந்துட்டமுங்க சார்."

அவ்வளவுதான் சொன்னாள். உட்கார்ந்துவிட்டாள். எழுதச் சொன்னேன் அல்லவா, எழுதினார்கள். எல்லாரும் தலையைக் குனிந்து எழுதினார்கள்.

பிறகுதான் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தங்கள் வீட்டில் மாறிக்கொண்டிருக்கிற ஒரு பொருளைக் கொண்டு வராமல் உன் வகுப்புக்குள் யாரும் வரக்கூடாதாமே? ஒருத்தன் கோழிப்பண்ணைக் கொட்டகையின் வெக்கையைக் கொண்டு வந்தான். தமிழரசு லாரி பிரேக் டேங்கில் குறைகிற காற்றைக் கொண்டு வந்தான். பவித்ரா கிணற்றைக் கொண்டு வந்தாள். அந்தத் தப்புச் சமன்பாட்டை வகுப்பே கோரஸாகச் சொன்னபோது நீ மறுக்காமல் எழுதிக்கொண்டாய். "இப்ப சைபரப் போட்டுப் பாருங்க" என்றாய். போட்டார்கள். "அப்ப இந்தப் புள்ள ஊட்டுக் கெணறு இனிமே ஊறாதா? பாவம், தோட்டத்த வித்துரச் சொல்லு" என்றாயாம். வகுப்பே சிரித்திருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை நீ சோடா குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், பவித்ரா அளவு டேப்பில் ஒரு போல்ட்டைக் கட்டிக் கிணற்றுக்குள் விட்டு அளந்துகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் அளந்தாள். நீ இல்லை என்று அவளுக்கு அப்போது தெரியாது. காலியாக இருக்கும்போதுதான் வேகமாக ஏறுகிறது என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். அதை எப்படி எழுதுவது என்றுதான் திணறிக்கொண்டிருந்தார்கள். நீ போன பிறகும் ஒரு வாரம் அதை வைத்துச் சண்டை போட்டிருக்கிறார்கள். புத்தகத்தில் பார்த்துவிடலாம் என்று தமிழரசு சொல்ல, பார்க்கக்கூடாது என்று இவள் தடுத்திருக்கிறாள். நான் போய் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டு வந்தேன்.

நீ அவர்களுக்கென்று கடைசியாக வைத்துவிட்டுப் போன பொருள் அது ஒன்றுதான் மச்சான். சொல்லிவிட்ட விடையைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு வழியும் இல்லை. நானும் யோசித்துப் பார்த்தேன். இல்லவே இல்லை.

அந்த வாரம் உன் வீட்டுக்குப் போனேன். சுமதி அக்கா உன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கெழம ஊட்டுக்கு வந்தவரு ஒரே சிரிப்பு சாமி. புள்ளைங்கள நல்லா மாட்டி உட்டுட்டு வந்திருக்கறேன்னாரு. திங்கக்கெழம எப்ப வரும்னு இருந்தாரு. கடைசீல அந்தப் புள்ளைங்க என்ன சொன்னாங்க?"

"நானே சொல்லிட்டேங்க்கா."

அக்கா கையிலிருந்த சட்டையை மடித்து முடித்துவிட்டு, டீ வைக்கிறேன் என்று உள்ளே போனார். நான் என்ன சொல்லியிருக்க முடியும்? அவர்கள் சொல்லியிருப்பார்கள், சொல்ல நான் விடவில்லை என்பதையா? டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வகுப்பில் பவித்ராவின் அளவுகளைக் கேட்டு வாங்கினேன். என் சரியான சமன்பாடு அவற்றோடு பொருந்துவதைக் காட்டினால், கொஞ்சமாவது உயிர் வரும் என்று நினைத்தேன். பலகையில் கோடு வரைந்து, புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்தேன். காலையில் அளந்ததெல்லாம் சொன்னபடி கேட்டது. மத்தியானத்துக்கு மேல் கோடு ஒரு பக்கம், புள்ளிகள் ஒரு பக்கம். வழக்கமான மட்டத்துக்கு வருவதற்குள்ளேயே தண்ணீர் நின்றுவிட்டது. நின்றது மட்டுமல்ல, கொஞ்சம் இறங்கவும் செய்திருக்கிறது. அவர்கள் தோட்டத்து மோட்டார் ஓடவே இல்லை.

"டேப்பப் புடிச்சுட்டே தூங்கியிருப்பா சார்" என்றான் தமிழரசு.

"நீ உங்கப்பா லாரிக்குக் காத்து பாக்கற லட்சணமில்ல இது. ஒவ்வொன்னும் ரெண்டுவாட்டி அளந்ததாக்கும்."

"அப்பக் கெணறு பொய் சொல்லுதா?"

"சார் கணக்குதான் பொய் சொல்லுது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் வந்தது, வழக்கம் போல. ஆனாலும் "எனக்குத் தெரியல" என்றேன். கடைசி பெஞ்சில் ஒருத்தன், "சாருக்கே தெரியலையாமாடா" என்று பக்கத்திலிருந்தவனை இடித்தான். மணி அடித்தும் யாரும் எழவில்லை. பவித்ராவின் பெஞ்சைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

இப்போது நிலவரம் இதுதான். பாடத்தை வகுப்பு நேரத்தில் வேகமாக நடத்துகிறேன். எல்லா வகையும், எல்லாச் சூத்திரமும். பரீட்சையில் அவர்கள் தேறித்தான் ஆக வேண்டும், அதில் நான் மாறவில்லை. கிணற்றுக்குத் தனியாகச் சனிக்கிழமை காலை. கல்லூரிப் பேருந்து இல்லாத நாளிலும் வருகிறார்கள். "சதீஷ், என்ன நீங்களும் கெணத்துலயே நிக்கறீங்க? போர்ஷன் என்னாச்சு?" என்று துறைத் தலைவர் அம்மா கேட்டார். நீ இதற்கு என்ன பதில் சொல்லுவாய்? சிரித்தே சமாளித்துவிடுவாய். நான் பதிலுக்கு ஏதோ வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவரிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று.

இது உன் கேள்விக்கு ஈடாகும் என்று நான் நினைக்கவில்லை. நீ யோசித்து வைத்தது அது. இது தற்செயலாக வந்து மாட்டியது. திங்கட்கிழமை அவர்கள் சரியாகச் சொல்லியிருந்தால், அதற்கு அடுத்து என்ன கேட்பதாக இருந்தாய்? இந்தப் புள்ளிகளைப் பார்த்திருந்தால் உன் முகம் எப்படி இருந்திருக்கும்? வண்டியில் தனியாக வரும்போது உன்னிடம் கேட்டுக்கொண்டே வருகிறேன். சண்டைக்கு ஆள் இல்லாமல் வெண்ணந்தூர் சாலை ரொம்ப நீளமாகிவிட்டது.

போன வாரம் பவித்ராவின் தோட்டத்துக்கு நானே போனேன். கிணற்று மேட்டில் நின்று சுற்றிலும் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஏன் நின்றது, ஏன் இறங்கியது, சமன்பாட்டில் எதை நான் மாறாது என்று எடுத்துக்கொண்டேன், எல்லாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பக்கத்திலேயேதான் அவள் நின்றாள்.

"ஏனுங் சார், உங்களுக்குத் தெரிஞ்சு போச்சுங்களா?"

"ம்."

"சொல்லீராதீங்க சார்."

சொல்லவில்லை மச்சான். இங்கேயும் எழுத மாட்டேன். தமிழரசு இந்தப் பலகை முன்னால் நின்று கடைசி வரி வரை தேடுவான். தேடட்டும். எத்தனை சனிக்கிழமை ஆனாலும் காத்திருக்கிறேன். தப்பாகச் சொன்னால் முறைக்காமல் கேட்டுக்கொள்கிறேன். என்றைக்கு அவர்கள் வாயாலேயே சொல்லுகிறார்களோ, அன்று சாயங்காலமே உன் வீட்டுக்குப் போய், அந்தப் பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று அக்காவிடம் சொல்லுகிறேன். அவர்கள் சொன்ன அதே வார்த்தையில், நான் ஒன்றும் சேர்க்காமல்.

வாரேன் மச்சான்.

உன் மாமன் மகன்,
சதீஷ்